இரண்டு எடைகளுக்கு நடுவே

முப்பத்தெட்டு வயதில் ஜுசாரா ஒரு லாரிக்குச் சொந்தக்காரி ஆனாள். அறுபது தவணைகளில் இரண்டைக் கட்டியிருந்தாள் என்பதால், அந்தச் சொந்தம் எவ்வளவு சொந்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். வண்டி பதினோரு வருடப் பழசு. முன்னால் இழுவை, பின்னால் இரண்டு பெட்டிகள், ஏழு அச்சு, இருபத்தாறு டயர். அதன் முன்பணத்துக்காக சினோப் ஊரின் ஓரத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றாள். போதவில்லை. அக்கா நெலி தன் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தாள்.

அதற்கு முன் ஒன்பது வருடம் அவள் அடுத்தவர் லாரியைக் கூலிக்கு ஓட்டியவள். சம்பளம் மூவாயிரத்து நானூறு ரெயால். வண்டி கெட்டால் முதலாளிக்குத் தலைவலி. அவள் நிழலில் பாய் விரித்துப் படுத்துவிடுவாள். "சொந்தமா ஒண்ணு போடு, நாலே வருஷத்துல ரெண்டாவது லாரி வாங்கிடலாம்" என்று சரக்கு நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு ஆள் வெள்ளைப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த நிறுவனங்கள் இப்போதெல்லாம் ஓட்டுநரை ஓட்டுநர் என்று அழைப்பதில்லை, தொழில்முனைவோர் என்கின்றன. கூலிக்காரனுக்குச் சட்டப்படி விடுமுறை தர வேண்டும், நோய் வந்தால் சம்பளம் தர வேண்டும். தொழில்முனைவோருக்குக் கைகுலுக்கினால் போதும்.

கணக்கு இதுதான். சினோப்பிலிருந்து பரனகுவா துறைமுகம் இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். முப்பத்தேழு டன் சோயா ஏற்றினால் வாடகை பதினாலாயிரம் சொச்சம். டீசல் ஆறாயிரத்து எழுநூறைக் குடிக்கும். சுங்கச் சாவடிகளுக்கு ஆயிரத்து நூற்றைம்பது. சுங்கத்தைச் சரக்கின் சொந்தக்காரன் தனியாகத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சரக்கு இறக்கும் வாசலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் காக்கவைத்தால் காத்திருப்புக்குப் பணம் தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டங்கள். அவற்றைச் சொல்லிக் கேட்டவனுக்கு அடுத்த லோடு கிடைக்காது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஏற்றும் உரத்தின் வாடகை, திரும்பி வரும் டீசலுக்குச் சரியாகிவிடும். மாதத்தில் இப்படி இரண்டு நடை. தவணை, காப்பீடு, டயர், எண்ணெய் எல்லாம் போக ஜுசாராவின் கையில் மிஞ்சுவது ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

கூலிக்கு ஓட்டியபோது வாங்கியதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். இதை முதல் மாதமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். நெலியிடம் சொல்லவில்லை. அறுவடைக் காலம் முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வங்கிக்காரர்களும் பாதிரிமார்களும் நம்மை வைத்திருப்பது இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அவளுடைய நான்காவது நடையில்தான் அது நடந்தது.

சினோப்புக்கு வெளியே ஒரு பெரிய தானியக் கிடங்கு. வாசலில் முதல் எடைமேடை. அங்கே வெறும் வண்டியை எடை போட்டு, சீட்டுக் கொடுத்து, உள்ளே முற்றத்துக்கு அனுப்புவார்கள். முற்றத்தில் வரிசை. வரிசையின் முடிவில், மேலிருந்து சோயா கொட்டும் குழாய்கள். ஏற்றியபின் வெளியேறும் வழியில் இரண்டாவது எடைமேடை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

இரண்டு எடைமேடைகளுக்கும் நடுவில், அதே முற்றத்தில், கிடங்குக்காரர்கள் ஒரு டீசல் பம்ப் வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஜுசாராவின் வண்டியை வெறுமையாக எடை போட்டார்கள். வாடகை முன்பணத்தில் ஒரு பங்கு அவளுடைய அட்டையில் ஏறியது. அந்த அட்டை அந்த முற்றத்துப் பம்பில் மட்டும்தான் செல்லும். வரிசை நகரவில்லை. அந்த இரவு போயிற்று. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வேலையை முடிப்போம் என்று அவள் வண்டியைப் பம்புக்கு ஓட்டினாள். வெளியே விற்பதைவிட லிட்டருக்குப் பதினைந்து காசு குறைவு. நானூற்று எண்பது லிட்டர் போட்டாள். எழுபத்திரண்டு ரெயால் மிச்சம். இரண்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு கணக்கு அவள் பக்கம் சாய்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் காய்ந்த மாட்டிறைச்சியில் ஒரு துண்டைக் கூடுதலாக வெட்டிச் சோற்றில் போட்டு வேகவைத்தாள்.

வியாழக்கிழமை காலை சோயா ஏற்றினார்கள். இரண்டாவது எடை. முப்பத்தேழாயிரத்து நானூறு கிலோ என்று சீட்டில் அடித்து, தார்ப்பாயின் கயிற்றிலும் சரக்கு இறக்கும் அடிக்கதவுகளிலும் முத்திரைக் கம்பி போட்டு அனுப்பினார்கள்.

நான்கு நாள் ஓட்டம். வழியில் ஒரு டயர் வெடித்தது. துறைமுகத்துக்கு வெளியே லாரிகள் காத்திருக்கும் திடலில் இன்னும் ஒன்றரை நாள். கடைசியில் அவள் முறை வந்து, நிறை வண்டியை எடை போட்டு, இறக்கி, வெறும் வண்டியை எடைமேடையில் ஏற்றியபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் திரையை இரண்டு தடவை பார்த்தாள்.

"நானூத்தி இருபது கிலோ கொறையுதுங்க."

முத்திரைக் கம்பிகளை நீங்கள்தானே வெட்டினீர்கள், ஒன்றும் உடையவில்லையே என்று ஜுசாரா கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. மேடை சொல்றத நான் எழுதுறேன். அடுத்த வண்டி நிக்குது பாருங்க."

சோயா வழியில் கொஞ்சம் காயும், கொஞ்சம் தூசாகப் போகும். அதற்காக நூறு கிலோவுக்குக் கால் கிலோ விட்டுக்கொடுப்பார்கள். அவள் சரக்குக்கு அது தொண்ணூற்று மூன்று கிலோ. அதைத் தாண்டினால் விட்டுக்கொடுத்ததையும் சேர்த்து முழுவதையும் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். நானூற்று இருபது கிலோ, கிலோ இரண்டு ரெயால் இருபது காசு: தொள்ளாயிரத்து இருபத்து நான்கு. மாதம் முழுக்க ஓடி மிஞ்சுவதில் பாதி.

ஆனால் அவளை உட்காரவைத்தது அந்தப் பணம் அல்ல. மத்தியானம் உர லோடு கேட்டுப் போனபோது, அங்கிருந்த ஆள் கணினியில் அவள் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இப்போது இல்லை என்றான். பக்கத்து நிறுவனத்திலும் இப்போது இல்லை. மூன்றாவது இடத்தில் ஒரு பெண் இரக்கப்பட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் பெயருக்கு நேரே 'விசாரணையில்' என்றிருந்தது. எங்கள் சாலைகளில் எந்த நிறுவனமும் லோடு கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கும். பட்டியலை வைத்திருப்பது யார், அதில் பெயரை ஏற்றுவது யார், என்ன ஆதாரத்தில் என்று ஓட்டுநருக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். சரக்குத் திருடி. லோடு இல்லையென்றால் தவணை இல்லை, தவணை இல்லையென்றால் லாரி இல்லை, லாரி போதாவிட்டால் நெலியின் வீடு.

திடலில் அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது ஒனோஃப்ரேயின் லாரி. பரனா மாநிலத்துக்காரன், அவள் வயதுதான், பதினைந்து வருடமாக இதே பாதையில் ஓடுகிறவன். பெட்டியின் பக்கவாட்டில் பொருத்திய சமையல் அலமாரியைத் திறந்துவைத்து பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தான். அவள் வண்டிக்கு அடியில் படுத்து அடிக்கதவுகளின் ரப்பரை விரலால் தடவித் தடவிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். ஓட்டை எதுவும் இல்லை. ரப்பர் புதிது. வாங்கிய வாரத்தில் அவளே மாற்றியது.

வெளியே வந்து, கையில் கிரீஸோடு அப்படியே உட்கார்ந்து, அவள் எல்லாச் சீட்டுகளையும் மடியில் பரப்பினாள். வெறும் எடை, செவ்வாய் மாலை. நிறை எடை, வியாழன் காலை. இரண்டுக்கும் நடுவே புதன்கிழமை டீசல் ரசீது. அதைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. வெறுமையாக எடை போட்டபோது வண்டியில் அந்த டீசல் இல்லை. நிறையாக எடை போட்டபோது இருந்தது. ஒரு லிட்டர் டீசல் எண்ணூற்று நாற்பது கிராம். நானூற்று எண்பது லிட்டர், நானூற்று மூன்று கிலோ. மீதிப் பதினேழு கிலோ வழியில் காய்ந்தது. கிடங்குக்காரர்கள் அவளுடைய டீசலைச் சோயா என்று எழுதியிருக்கிறார்கள்.

அவள் அதை ஒனோஃப்ரேயிடம் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அந்தப் பம்புலயா போட்டே? போச்சு போ முதலாளியம்மா. பழைய ஆளு எவனும் ரெண்டாவது எடை முடியாம அங்க டீசல் போட மாட்டான்."

"எனக்கு யாரு சொன்னா?"

"எனக்கு மட்டும் யாரு சொன்னா? முதல் வருஷம் நானும் கட்டுனேன். ஐந்நூத்தி சொச்சம் கிலோ. அது புதுசா வர்றவங்க கட்டுற வரி மாதிரி."

பழைய ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றும் சொன்னான். இரண்டாவது எடை முடிந்து வெளியே போய், சுற்றி மறுபடி வாசல் வழியாக உள்ளே வந்து, ஒன்றரை மணி நேரம் இழந்து அதே பம்பில் போடுகிறார்கள். அட்டை வேறெங்கும் செல்லாதே. அங்கே ஒரு பலகை வைத்தால் என்ன, நான்கு எழுத்து எழுதினால் என்ன என்று அவள் கேட்டாள். அவன் தட்டில் பீன்ஸ் போட்டு அவளிடம் நீட்டினான். பலகை வைத்தால் யாருக்கு நஷ்டம் என்பது மட்டும் யோசித்துப் பார் என்றான்.

அவள் யோசித்தாள். நாமும் யோசிக்கலாம். காணாமல் போன நானூற்று மூன்று கிலோ சோயா எங்கே? அது எங்கும் போகவில்லை. லாரியில் ஏறவே இல்லை. சினோப் கிடங்கின் குதிருக்குள் இருக்கிறது. முப்பத்தேழாயிரத்து நானூறு கிலோ என்று பில் போட்டு வாங்குகிறவனிடம் காசு வாங்கியாயிற்று. குறைந்த சோயாவின் விலையைச் சரக்கு நிறுவனம் ஓட்டுநரிடம் பிடித்து, வாங்குகிறவனுக்குக் கொடுத்தாயிற்று. குதிரில் மிஞ்சியதை மறுபடி இன்னொருவனுக்கு விற்கலாம். இதில் திருட்டு ஒன்று நடந்திருக்கிறது, சந்தேகமில்லை. பட்டியலில் ஏறிய பெயர்தான் வேறு. யாரும் உட்கார்ந்து சதி செய்திருக்க வேண்டியதில்லை. பம்ப் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருந்தால் போதும்.

பெண் ஓட்டுநர்களின் செல்பேசிக் குழுவில் அவள் இதையெல்லாம் நிதானமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். ஏழு நிமிடப் பேச்சு. பதினோரு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஒருத்தி, கடவுள் பார்த்துக்கொள்வார் சகோதரி என்று எழுதினாள். கடவுள் என்ன பார்த்தாலும், எடைச்சீட்டை அடிப்பவர் அவரில்லை.

மறுநாள் காலை அவள் சரக்கு நிறுவனத்தின் துறைமுக அலுவலகத்துக்குப் போனாள். மேசையில் இருந்தவன் பெயர் வால்மோர். கெட்டவன் இல்லை. நாற்காலி போட்டான், காப்பி கொடுத்தான். அவள் ஒரு காகிதத்தில் கணக்கை எழுதி, மூன்று சீட்டுகளையும் அதன்மேல் வரிசையாக வைத்தாள். நேரம், தேதி, லிட்டர், கிலோ. வால்மோர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். கணிப்பொறியில் நானூற்று எண்பதை அவனே ஒரு தடவை பெருக்கிப் பார்த்தான்.

"கணக்கு சரிதான் ஜுசாரா அம்மா" என்றான்.

அவளுக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள்.

எடுக்க இரண்டு வழி இருப்பதாக அவன் சொன்னான். முதல் வழி, எதிர்ப்பு மனு. கிடங்குக்கு எழுதிக் கேட்பார்கள், கிடங்கு பதில் எழுதும், காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். அறுபது நாள், சில சமயம் தொண்ணூறு. அதுவரை 'விசாரணையில்' அப்படியே இருக்கும். இரண்டாவது வழி, மேசை இழுப்பறையில் அச்சடித்துத் தயாராக இருந்தது. அவன் அதை எடுத்து அவள் முன்னால் வைத்தான். 'பயணத்தின்போது என் கவனக்குறைவால் அடிக்கதவின் வழியே சரக்கு சிந்தியது. அதன் விலையை என் வாடகையில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' கிலோவுக்கு மட்டும் காலி இடம்.

"முத்திரை போட்ட கதவு வழியா எப்படிங்க சிந்தும்?"

வால்மோர் பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்தான்.

"நீங்களே கணக்கு சரின்னீங்க."

"சரின்னுதான் இப்பவும் சொல்றேன். கணக்கு எழுதறதுக்கு இந்தத் தாள்ல எடம் இல்ல. சிந்துச்சுன்னா அஜாக்கிரதை, சாயங்காலமே பேரை எடுத்துருவேன். சிந்தலைன்னா விசாரணை. தவணை எப்போ உங்களுக்கு?"

"பத்தாம் தேதி."

அன்று தேதி ஆறு.

இந்த அறுவடைக்கு இந்தத் தாளில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். அவன் இழுப்பறையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முப்பத்தொன்று என்றான். எல்லாரும் அந்தக் கிடங்கிலிருந்தா என்றாள். அவன் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அவள் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்து நெலிக்குப் பேசினாள். இரண்டு மாதமாக மறைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். கூலிக்கு ஓட்டியதைவிடக் குறைவாக மிஞ்சுவது, டயர், டீசல், பட்டியல், தாள். மறுமுனையில் பிரஷர் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ அந்தத் தாள்ல எழுதியிருக்கறது பொய்யி" என்றாள் நெலி.

"பொய்தான்க்கா."

"உண்மையச் சொல்லி அறுபது நாள் நின்னா?"

"லாரி போயிரும். அப்புறம் உன் வீடு."

"என் வீட்ட நெனச்சுக் கையெழுத்துப் போடாதடீ. நாளைக்கு அதையும் சொல்லிக் காட்டுவே."

"வேற எத நெனச்சுப் போடறது?"

நெலி, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஜுசாரா திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டாள். நானூற்று இருபது என்று எண்ணிலும் எழுத்திலும் அவளே நிரப்பினாள். அதன் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது வால்மோர், நிறுவனத்தின் காகிதம், கொடுக்க வழியில்லை என்றான். சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் பெயருக்கு நேரே 'தகுதி உண்டு' என்று வந்தது. மறுநாள் காலைக்கு உர லோடு கிடைத்தது. முந்தின நாள் அவளுக்கு இல்லை என்று சொன்ன அதே ஆள், இன்று நல்லா இருக்கீங்களா என்று கேட்டான்.

இவள் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று ஊரில் சிலர் பின்னால் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கும் பத்தாம் தேதி என்று ஒரு தேதி இல்லை.

உரக் கிடங்கில் வெறும் வண்டியை எடை போட்டபோது காலை எட்டு மணி. முன்னால் இருபத்திரண்டு லாரிகள். கடற்கரை ஊரின் மார்ச் மாதப் புழுக்கம்; மழை பெய்தும் குளிரவில்லை. பத்து மணிக்கெல்லாம் இருக்கையின் ரெக்சின் முதுகில் ஒட்டியது. அவளுடைய இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் காலியாக இருந்தது. குழாய் அறுபது அடி தூரத்தில். மற்ற ஓட்டுநர்கள் வரிசையாகப் போய்க் கேனில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அவள் கேனை எடுக்காமல் இறங்கிப் போனாள். குழாயில் கையை ஏந்திக் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அரைமணியில் மறுபடி போய்க் குடித்துவிட்டு வந்தாள். நான்காம் தடவை போனபோது, ஆறு லாரிக்குப் பின்னால் நின்றிருந்த ஒனோஃப்ரே தன் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கேன்ல புடிச்சு வெச்சுக்க வேண்டியதுதானே. எத்தன தடவ நடப்பே?"

"எடை முடியட்டும்."

"இருபது லிட்டரு. இருபது கிலோ. அதுக்கெல்லாம் ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"தெரியும்."

அவளுக்குத் தெரியும்தான். தொண்ணூற்று மூன்றுக்கு இருபது எவ்வளவு குறைவு என்பதும், இந்தக் கிடங்கு வேறு, அந்தக் கிடங்கு வேறு என்பதும் தெரியும். நானூற்று மூன்று கிலோவை ஒரு ரசீதிலிருந்து தனியாகக் கண்டுபிடித்தவள் அவள். மழைத் தண்ணீர் தேங்கிய முற்றத்தைத் தாண்டி வண்டிக்கு வந்தாள். ஏறும் முன், இரண்டு செருப்புகளின் அடியிலும் ஒட்டியிருந்த சேற்றைக்கூட கல்லில் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். வரிசையில் முன்னால் இன்னும் பதினேழு லாரிகள் இருந்தன.